எதிரி நாற்காலி

போன வாரம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஒரு ஜூனியர் வக்கீல் போன் செய்தாள்.

"சார், ஒரு கிளையண்ட் அவரோட சொந்தக் காட்டை அப்படியே பாதுகாக்கணும்னு அக்ரிமெண்ட் கேக்கறார். கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் எடுத்தேன், வெளிநாட்டு மாடலா இருக்கு. உங்ககிட்ட நம்ம ஊர் மாடல் எதாவது இருக்கா?"

இருக்கிறது என்றேன். அனுப்புங்க சார் என்றாள். அனுப்ப முடியாதும்மா, அதற்கு நான்கு கால், ஒரு கை உடைந்தது, எங்கள் வீட்டில் டிவிக்கு எதிரே கிடக்கிறது, என் மனைவி அதில் துவைத்த துணியை மடித்து வைக்கிறாள் என்றேன்.  பிறகு மிகவும் மரியாதையாக, "சரி சார், உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் படிகளை ஏற மறுத்த இரண்டு முட்டிகள்தான் எனக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தன. மற்றபடி மூளை வேலையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதுதான் பிரச்சினையே என்று என் மனைவி கஸ்தூரி சொல்வாள். அந்தப் பெண்ணுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவசரப்பட்டு வைத்துவிடாமல் படிக்கட்டும்.

நான் ராயப்பேட்டைக்காரன். பத்திரம் எழுதிப் பிழைப்பேன் என்று நானும் நினைக்கவில்லை, என்னைப் பெற்றவர்களும் நினைக்கவில்லை. நடிகனாகத்தான் ஆசை. சபா நாடகங்களில் எனக்குக் கிடைத்த பெரிய வேடம் ஒரு பிணம். நடுக்கூடத்தில் படுத்திருக்க வேண்டும், எல்லோரும் சுற்றி நின்று அழுவார்கள். ஊதுபத்திப் புகை மூக்கில் ஏறி நான் தும்மினேன். நாடகத்திலேயே அதிகக் கைத்தட்டல் வாங்கிய இடம் அதுதான். மறுநாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளும்படி அன்பாகச் சொன்னார். கற்றுக்கொண்டேன். மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில், பூஜைச் சாமான் கடைக்கு மேல்மாடியில், வைதேகி மேடம் என்ற வக்கீலின் ஆபீஸில் டைப்பிஸ்ட் லீவில் போயிருந்தார். ஒரு வாரத்துக்கு என்று போனேன். அவர் திரும்பி வரவில்லை, நானும் திரும்பிப் போகவில்லை. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

மேடம் கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். சொத்துப் பத்திரங்கள் மட்டும்தான். யாராவது ஏன் என்று கேட்டால், "நான் எழுதின பத்திரம் கோர்ட்டுக்குப் போச்சுன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். தோக்கறதுக்கு எதுக்கு கறுப்புக் கோட்டு மாட்டிண்டு அவ்வளவு தூரம் போகணும்?" என்பார். கையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில். யாரையும் திட்ட மாட்டார். ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் பென்சிலை அந்த வரியின் மேல் குறுக்காக வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாமாகவே தவறைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் பென்சில் அங்கேயே கிடக்கும். ஒருமுறை நான் காபி குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்தேன். பென்சில் நகரவில்லை.

எந்தப் பத்திரமும் மூன்று தடவை சத்தமாக வாசிக்கப்படாமல் அந்த அறையை விட்டு வெளியே போகாது. முதல் தடவை, எழுதிக் கொடுக்கிறவராக வாசிக்க வேண்டும்: அவர் சொன்னது இதில் இருக்கிறதா? இரண்டாவது தடவை, நிலத்தை நேரில் பார்க்காத ஒரு சர்வேயராக: இந்த வார்த்தைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா? மூன்றாவதுதான் முக்கியம். ஜன்னலோரத்தில் வலது கை உடைந்த ஒரு மர நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து, பல வருடம் கழித்து இந்தப் பத்திரத்தை உடைக்க வரப்போகிற எதிரியாக வாசிக்க வேண்டும். அதற்குப் பெயரே எதிரி நாற்காலி. கட்சிக்காரர்கள் யாரையும் அதில் உட்காரவிட மாட்டோம்.

பிணமாக நடிக்கத் தெரியாதவன், வில்லனாக வெளுத்து வாங்கினேன். கடன்கார மாப்பிள்ளை, சித்தியின் மகன், போன் எடுக்காத வெளிநாட்டுத் தம்பி என்று எத்தனையோ வேடம். அடையாறில் ஒரு வீட்டுக்குப் பொதுவழி பாத்தியம், அதாவது வழியில் போய்வர உரிமை, எழுதினோம். வழியை யாரும் மறிக்கக் கூடாது என்று இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து, "மறிக்க மாட்டேனே! நான் மரியாதைக்காரன். வழியோரமா ஜெனரேட்டர் வெச்சு அவங்க ஜன்னலுக்கு நேரா புகை மட்டும் வுடுவேன்" என்றேன். மேடம் சிரிக்கவில்லை. பச்சைப் பென்சில் ஓடியது. "புகை, சத்தம், நாத்தம். மூணையும் சேத்துக்கோ. மேல சொல்லு" என்றார். எனக்கு அதுதான் கைத்தட்டல்.

இப்போது காட்டுக்கு வருகிறேன்.

ஒருவர் தன் சொந்தக் காட்டை வெட்டாமல் வைத்திருக்கலாம், அது அவர் இஷ்டம். ஆனால் தனக்குப் பிறகு வருகிறவர்களும் வெட்டக் கூடாது என்று கட்டிப்போட நம் ஊரில் தயாராக ஒரு பத்திரம் கிடையாது. 'என் வாரிசுகள் இதை எக்காலத்திலும் விற்கக் கூடாது' என்று எழுதினால் கோர்ட் அந்த வரியை அடித்துவிட்டு மிச்சம் மட்டும் செல்லும் என்று சொல்லிவிடும். மேடம் பிடித்தது பழைய வழி. வண்டிப்பாதை பாத்தியம், தண்ணீர் பாத்தியம் என்று பழைய பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு நிலம் இன்னொரு நிலத்துக்காகக் கட்டுப்பட்டு நிற்கும். ஆள் மாறினாலும் அந்தக் கட்டு மாறாது. மேலே காடு, கீழே வயல். காட்டு ஓடைத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது. அதனால் காட்டில் மரம் வெட்ட மாட்டேன், கட்டடம் கட்ட மாட்டேன், போர்வெல் போட மாட்டேன் என்று காட்டுக்காரர் வயலுக்கு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால், காட்டை நாளைக்கு யார் வாங்கினாலும் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மீறினால் வயல்காரர் கேஸ் போடலாம்.

"காட்டுக்குக் காவல் வேணும்னா, கீழ நல்ல கோபக்காரரா ஒருத்தர் வேணும்" என்பார் மேடம்.

செல்லத்துரை அண்ணாச்சிக்கு அப்படி ஒரு கோபக்காரர் ஊரிலேயே இருந்தார். தென் மாவட்டத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை போட்டு நன்றாக வளர்ந்தவர். அவர் பேசினால் பாத்திரம் அடுக்குகிற மாதிரி இருக்கும், ஒவ்வொரு வார்த்தையும் டங் டங் என்று விழும்.

"எனக்கு மலையடிவாரத்துல ஒரு காடு கெடக்கும்மா. எங்கப்பா வெறகுக்குன்னு வாங்கிப் போட்டாரு. வெட்டுததுக்கு முன்னால போயிட்டாரு. நானும் வெட்டல. எனக்கப்புறமும் ஒருத்தனும் வெட்டக் கூடாது. அதுக்கு ஒண்ணு எழுதித் தாங்க."

"இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன?"

"பக்கத்து மலையில ஒருத்தன் மரத்தையெல்லாம் தொடவே மாட்டேன்னு சொல்லிட்டு ரிசார்ட்டு கட்டுனான். அங்கேருந்து வந்த ஓடை செத்துப் போச்சு. மிச்சம் இருக்கது எங்காட்டு ஓடை ஒண்ணுதான். கீழ எங்கக்கா வயலு இருக்கு. அதுக்குத் தண்ணி வாரது நின்னுச்சுன்னா எங்கக்கா பஸ் ஏறி வந்து என் கடை வாசல்ல உக்காந்துக்கிடுவா."

அந்த அக்காதான் கோபக்காரர். மேடத்துக்கு முகம் மலர்ந்தது.

"சரி, யார் வெட்டுவான்னு பயப்படறேள்?"

"என் மவன்தான்."

"பையன் ஒரு மாதிரியோ?"

"சேச்சே. தங்கமான பையன்மா. கடையே அவன்தான் பாக்கான். ஆனா அந்த ரிசார்ட்டுக்காரன் இப்போ இவன்கிட்ட வந்து பேசுதான். ஆவணி பொறந்ததும் அட்வான்ஸோட வாரேன்னு சொல்லியிருக்கான். அதுக்கு முன்னால முடிச்சிரணும்."

அப்போது ஆடி மாதம். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், நான் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தனும் வர மாட்டான்லா? அப்போ நமக்கு டோக்கன் லேசா கெடைக்கும்" என்றார்.

பத்திரம் எழுத ஆரம்பித்தோம். பழைய கிரயப் பத்திரத்தில் காட்டின் வடக்கு எல்லை 'பெரிய நாவல் மரம்' என்று இருந்தது. நான் அப்படியே டைப் செய்தேன். பச்சைப் பென்சில் நாவல் மரத்தின் மேல் விழுந்தது. நான் யோசித்தேன். எழுத்துப்பிழை இல்லை. மரம் இப்போதும் இருக்கிறதாம், அண்ணாச்சியே பார்த்திருக்கிறார். மேடம் ஜன்னலுக்கு வெளியே குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் கையை விரித்தேன்.

"மாணிக்கம், இந்தக் காட்டைத் திருடணும்னா நீ மொதல்ல எந்த மரத்தை வெட்டுவே?"

நாவல் மரம் போய்க் கல் வந்தது. அண்ணாச்சி ஊரிலிருந்து சர்வேயரை வைத்து நான்கு மூலைக்கும் கல் நட்டு போட்டோ அனுப்பினார். இரண்டாவது வாசிப்பில், அந்த மலையைக் கனவில்கூடப் பார்க்காத நான், வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் நடந்து போய் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்தேன். மேடம் தலையாட்டினார்.

மூன்றாவது வாசிப்புக்கு மகனையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார். காடு அண்ணாச்சியுடையது, மகன் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனால் மகனும் சேர்ந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் பின்னால் வம்பு குறையும் என்பது மேடத்தின் கணக்கு. தி.நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் பிதுங்குகிற நேரம். கடையை விட்டு இழுத்து வரப்பட்ட கோபத்தோடு படியேறி வந்தான் சரவணன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பாவின் பேச்சில் ஒரு சொட்டுகூட அவன் வாயில் இல்லை. உள்ளே வந்தவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, நேராகப் போய் எதிரி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தம்பி, அது வந்து..."

"கை உடைஞ்சிக்கீது, அதானே? பரவால்ல சார். சீக்கிரம் ஆரம்பிங்க."

மேடம் கையை உயர்த்தினார். "இருக்கட்டும் மாணிக்கம். நீ நின்னுண்டே படி."

நாற்காலி போனால் என்ன, நடிப்பு போகுமா? குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். "எங்கப்பன் ஒரு பைத்தியக்காரன்! மரம் வெட்டக் கூடாதுன்னுதானே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான்? வெட்ட மாட்டேன். வேர்ல ஆசிட் ஊத்துவேன், தானா காயட்டும்!" பத்திரத்தைப் பார்த்தேன். 'காயச் செய்யவோ' என்று இருந்தது. "சரி, கட்டடம் கட்ட மாட்டேன், கூடாரம் அடிப்பேன்!" 'தற்காலிக அமைப்புகளோ' என்று இருந்தது. பல்லைக் கடித்தேன், மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்கினேன்.

சரவணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், ஒரு நிமிஷம். இது யாரு? நானா?"

"ஐயோ, இல்லப்பா. பொதுவா ஒரு கெட்டவன்."

"அவன் எதுக்கு எங்கப்பாவைப் பைத்தியம்ங்கறான்?"

"நீ வீட்டுல சொல்லுததைத்தாம்லே அவரு சொல்லுதாரு" என்றார் அண்ணாச்சி.

சரவணன் காது சிவந்துவிட்டது. நான் தொடர்ந்து இன்னும் இரண்டு பக்கம் சதி செய்தேன், இரண்டு பக்கமும் தோற்றேன். முடித்ததும் மேடம் பென்சிலை மேஜை டிராயரில் போட்டார், அதாவது பத்திரம் தேறிவிட்டது. அப்போதுதான் சரவணன் சோம்பல் முறித்துக்கொண்டு சொன்னான்.

"உங்க ஆளு ரொம்ப கஷ்டப்படறான் சார். ஆசிட்டு, கூடாரம், இன்னாத்துக்கு இவ்ளோ வேலை? நான் ஒண்ணையுமே மீற மாட்டேன்."

"பின்ன?" என்றார் மேடம்.

"மீறினா கேஸ் போடற உரிமை யாருக்கு? அத்தை வயலுக்கு. அத்தைக்குப் புள்ளைங்க இல்ல. மாசாமாசம் மாத்திரை வாங்கி அனுப்பறது நான். தீவாளிக்குப் புடவை எடுத்துத் தர்றது நான். கண்ணு ஆபரேஷனுக்கு இங்க கூட்டினு வந்து வெச்சுப் பாத்துக்கினதும் நான். அத்தை அந்த வயலை யாருக்கு எழுதி வெக்கும்? எனக்குத்தான். அப்பா காடும் எனக்குத்தான் வரும். மேலயும் நானு, கீழயும் நானு. அப்புறம் இன்னா, எம்மேல நானே கேஸ் போடணுமா?"

கீழே பூஜைக் கடையில் யாரோ மணியை ஆட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் மேடம். அவன் சொன்னான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு நிலமும் ஒரே கைக்கு வந்துட்டா பாத்தியம் அணைஞ்சு போயிடும். சட்டத்துலயே இருக்கு. எனக்குத் தெரியும், மாணிக்கத்துக்கும் தெரியும். வீதிவீதியா கெட்டவனைத் தேடிண்டிருந்தோம் பாரு, நல்லவன் வாசல் வழியா வந்துட்டான்."

உண்மைதான். அந்த நாற்காலியில் நான் போடாத வேடம் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல பையனாக ஒரு தடவைகூட நடித்ததில்லை. அத்தைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தே ஒரு காட்டை அழிக்கலாம் என்பது என் வில்லன் மூளைக்கு எட்டவே இல்லை.

"அப்போ இது செல்லாதாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"இன்னிக்கு செல்லும். நல்ல மருமான் ஒருத்தன் இருக்கற வரைக்கும் நாளைக்குச் செல்லாது."

சரவணன் எழுந்தான். "சரிப்பா, வாங்க. எல்லாம் ஆவணில பொறுமையா பேசிக்கலாம். கடையில கூட்டம் அம்முது."

அண்ணாச்சி அசையவில்லை. "உக்காருலே."

"அப்பா..."

"ஓட்டையக் கண்டுபிடிச்சது நீதான? அடைச்சிட்டுப் போ."

"நான் எதுக்கு அடைக்கணும்? எனக்கு அந்த இடத்துல காட்டேஜ் வெக்கணும். அதையும் மரத்தைத் தொடாமதான் வெப்பேன்."

"பக்கத்து மலைக்காரனும் அப்படித்தான் சொன்னான். அவன் உன்னைவிடப் படிச்சவன். நான் இந்தக் காட்டைக் கட்டிட்டுத்தான் இந்தப் படியில எறங்குவேன். கடையில நாலு குண்டான் விக்காமக் கெடந்தா ஒண்ணும் ஆவாது." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு அடைக்கத் தெரியலன்னா, தெரியலன்னு சொல்லிரு" என்றார்.

பாத்திரக் கடைக்காரருக்கு எங்கே தட்டினால் சத்தம் வரும் என்று தெரியும். சரவணன் உட்கார்ந்தான். "அடைக்கல்லாம் மாட்டேன். நீங்க எப்படி அடைச்சாலும் உடைச்சுக் காட்டறேன். போதுமா?"

"அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் மேடம். என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். என் வில்லன் உத்தியோகம் அன்றோடு போனது.

மேடம் முதல் யோசனை சொன்னார்: அத்தை வயலோடு பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேருக்கும் அதே பாத்தியத்தை எழுதிக் கொடுத்தால்?

"ஒவ்வொண்ணா வாங்கிடுவேன். மூணு பேரும் விக்கிற ஆளுங்கதான்."

டிரஸ்ட் ஒன்று ஆரம்பித்து, கீழே ஒரு துண்டு நிலத்தை அதற்குக் கொடுத்தால்?

"டிரஸ்டி யாரு மேடம்? அப்பா. அப்பாவுக்கு அப்புறம்? வேற யாரு அந்த வேலையை இழுத்துப் போட்டுக்குவான்? நான்தான்."

"அடப்பாவி" என்றார் அண்ணாச்சி. அதில் கோபம் பாதிதான். மீதிப் பாதி, கல்லாவில் உட்கார வைத்த பிள்ளை வீண்போகவில்லை என்கிற திருப்தி.

நானும் ஒன்று சொன்னேன், தண்ணீர் குடிக்க வரும் யானைகளுக்கு எழுதிக் கொடுத்தால் என்ன என்று. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் காபி வாங்கக் கீழே போனேன்.

திரும்பி வந்தபோது சரவணனுக்கு நன்றாக மூடு வந்திருந்தது. எதிரி நாற்காலியின் உடையாத கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மேடம் காபியை ஆற்றிக்கொண்டே, கடைக்கு எந்த வழியாகப் போவாய் என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"ஏண்டாப்பா, அந்த ஓடை எதுவரைக்கும் போறது?"

"அத்தை வயலு, அப்புறம் அந்த மூணு பேரு, கடைசியில அம்மன் கோயில் வயலு. அதோட முடிஞ்சுடும்."

"அந்தக் கடைசி வயலை எப்படி வாங்குவே?"

"அது கோயில் நிலம் மேடம். பட்டாவே அம்மன் பேர்ல கீது. அதையெல்லாம் எவனாலயும் வாங்க..."

பாதியில் நிறுத்திவிட்டான்.

மேடம் ஒரு வாய் காபி குடித்தார். "சொல்லு. மேல சொல்லு."

அவன் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்னவோ நான்தான் சொல்லிக்கொடுத்த மாதிரி. அம்மன் சாகமாட்டாள். அம்மன் யாருக்கும் உயில் எழுத மாட்டாள். மாத்திரையும் தீபாவளிப் புடவையும் எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாள். அத்தை வயலும் மூன்று பேர் வயலும் யார் கைக்குப் போனாலும், கடைசி வயலுக்கு எழுதிக் கொடுத்த பாத்தியம் அணையாது.

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். ஒரு அடுக்குப் பாத்திரம் சரிந்து விழுந்தால் எப்படியோ அப்படி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்கம்மா" என்றார்.

மேடம் ஆட்சேபணை இல்லை என்கிற தாளைச் சரவணன் பக்கம் நகர்த்தினார். "நீ போடலைன்னாலும் பத்திரம் செல்லும். போட்டுட்டேன்னா நாளைக்கு நீயே வந்து சண்டை போட முடியாது. உன் இஷ்டம்."

"எடுத்துக்கினு போறேன். உடைச்சிட்டேன்னா போட மாட்டேன்."

"உடைச்சிட்டேன்னா நானே கிழிச்சுடறேன்."

புதிதாக எழுதின பத்திரத்தின் நகலையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனான். அண்ணாச்சி அடுத்தடுத்து போன் செய்தார்: பய கல்லாவில் உட்கார்ந்து அதையே படிக்கிறான், தெரிந்த வக்கீல் ஒருத்தனைப் போய்ப் பார்த்தான், சாப்பிடும்போது பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் சரவணனே தனியாக வந்தான். ஆடிக் கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. தாளை மேஜையில் வைத்தான்.

"உடைக்க முடியல" என்றான். கிளம்பப் போனவன் என் மேஜைப் பக்கம் வந்தான். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சார், அஞ்சாவது பக்கம் பாருங்க. கட்டடம் கூடாது, தற்காலிக அமைப்பு கூடாதுன்னு போட்டுக்கீறீங்க. செல்போன் டவர் அதுல அடங்குமா, அடங்காதா?"

பார்த்தேன். சண்டை போட்டால் அடங்காது என்று சாதிக்கலாம்.

"டவர்னே தனியா போட்டுடுங்க" என்றான். "இல்லாங்காட்டி எவனாவது வந்துடுவான்."

போட்டேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

ஆடியிலேயே பதிந்தோம். ஊர்ப் பதிவு அலுவலகத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. எழுத்தர் நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏதும் அவசரமா என்று கவலையோடு கேட்டார். அம்மன் கோயில் அறங்காவலர் புது வேட்டியில் வந்திருந்தார். அம்மன் சார்பில் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடும்போது எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார். அண்ணாச்சியின் அக்காவும் வந்திருந்தார். நான் எதிர்பார்த்த அளவுக்குக் கோபக்காரராக இல்லை. மருமகன் கன்னத்தைத் தடவி, "எனக்கப்புறம் என் வயலு உனக்குத்தாம்லே, எழுதியே வச்சிட்டேன்" என்றார். சரவணன் என்னைப் பார்த்தான். நான் எல்லைக் கற்களைப் பற்றி யோசிக்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆவணியில் ரிசார்ட்டுக்காரர் அட்வான்ஸோடு வந்தார். வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அதே மாதிரி பத்திரம் வேறு சிலருக்கும் எழுதினோம். ஒவ்வொரு முறையும் நாற்காலியில் உட்கார்ந்து நான் முதலில் போட்ட வேடம் நல்ல மருமகன்தான். ஓய்வு பெற்ற அன்று மேடம் நாற்காலியை எனக்கே கொடுத்துவிட்டார். "இனிமே இங்க யாரும் சத்தமா படிக்கறதில்ல மாணிக்கம். எல்லாரும் ஸ்கிரீனையே பாத்துண்டிருக்கா. எடுத்துண்டு போ" என்றார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் சரவணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலையில் நரை வந்துவிட்டது. கையில் பத்திரத்தின் நகல். நாற்காலியைப் பார்த்ததும் சிரித்து, கஸ்தூரி மடித்து வைத்திருந்த துணியைப் பத்திரமாக எடுத்து சோபாவில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஒரு பெரிய பார்ட்டி சார். பழைய ஆளு இல்ல, வேற. நான் கேட்டே இருக்க மாட்டேன், அப்படி ஒரு விலை சொல்றான். விக்கணும்னு இல்ல. சும்மா, வழி எதாவது கீதான்னு பாத்துடலாம்னு..." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்கதான் உடைக்கறதுல கில்லாடி."

அடுப்படியிலிருந்து கஸ்தூரி குரல் வந்தது. "இன்னாங்க, ரிடையர் ஆயும் வில்லன் வேலை வுடலியா?"

அவனுக்கு மறுப்புச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் சும்மா போக மாட்டான், வேறு யாரிடமாவது போவான் என்று தெரியும். எனவே எழுந்து நின்றுகொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை உடைக்கப் பார்த்தான். இந்த முறை நிஜமாகவே முயன்றான், முகத்தில் விளையாட்டு இல்லை. அத்தை வயல் அவன் பெயருக்கு வந்திருந்தது, மூன்று பேர் வயலையும் விலை பேசியிருந்தான். கடைசி வயலில் வந்து முட்டினான். பின்வாங்கினான். வேறு பக்கமாகச் சுற்றி வந்தான். கூடாரத்தில் முட்டினான், காயச் செய்யவோ என்பதில் முட்டினான். காபி ஆறி ஏடு படிந்தது. ஐந்தாவது பக்கத்துக்கு வந்தபோது திடீரென்று நிமிர்ந்தான்.

"சார், டவர்! டவர்காரனுக்கு வாடகைக்கு விட்டுட்டு, அந்த ரோட்டு வழியா மெதுவா..."

நான் அந்த வரியை வாசித்தேன்.

"சே. எவன் சார் இதைப் போய்த் தனியா எழுதினது?"

"நீதாம்பா."

தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடியும் படித்தான். அப்புறம் அவன் அப்பா சிரித்த மாதிரியே சிரித்தான். கஸ்தூரி என்னவோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தான்.

"என்ன சரவணன் சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சார். முடியாது. என் பார்ட்னர் ஒத்துக்க மாட்டாங்க."

"பார்ட்னரா? சொல்லவே இல்லையே. நான் நேர்ல வந்து பேசட்டுமா?"

"தாராளமா பேசுங்க சார். ஓடையோட கடைசி வயலுக்கு அவங்கதான் ஓனர், பக்கத்துலயே இருப்பாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் போவாதீங்க, கூட்டமா இருக்கும்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "செருப்பை வெளியவே கழட்டிடுங்க."